கொண்டல்ராவின் ஐம்பத்தாறு கட்டிகள்

கொண்டல்ராவ் வீட்டு ஐஸ் கட்டியைத் தண்ணீர் டம்ளரில் போட்டால் அது உள்ளே இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. டம்ளரை அசைத்தால்தான் கிணிங்கென்று சத்தம் வரும். விஜயவாடா கிருஷ்ணலங்காவில் ஃபிரிட்ஜ் உள்ள வீடுகள் எத்தனையோ இருந்தன. அங்கெல்லாம் குழாய்த் தண்ணீரை அப்படியே ட்ரேயில் பிடித்து, மீன் நாற்றமடிக்கும் ஃப்ரீசருக்குள் தள்ளி, சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாக எதையோ எடுத்து, அதையும் ஐஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த வீடுகளில் கொண்டல்ராவ் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார்.

அவர் ஐஸ் போடுகிற விதமே வேறு. தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, வெள்ளை மல்லுத் துணியில் வடிகட்டி, மறுபடியும் கொதிக்க வைக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே ட்ரேயில் ஊற்ற வேண்டும். விளிம்புவரை ஊற்றக்கூடாது. ட்ரேயின் அடியில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் அது ஃப்ரீசரோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் துடைத்துத்தான் வைக்க வேண்டும். மொத்தம் நான்கு ட்ரே. இரண்டு ஃபிரிட்ஜோடு வந்தவை, அலுமினியம், நடுவில் பிடி வைத்தவை. பிடியைத் தூக்கினால் கட்டிகள் மளுக்கென்று விடுபடும். மற்ற இரண்டும் பிளாஸ்டிக். ட்ரேக்குப் பதினாலு கட்டி, ஆக ஐம்பத்தாறு. அந்த ஃப்ரீசருக்குள் மீனோ கோழியோ நுழைந்தது கிடையாது. அவர் மனைவி உயிரோடு இருந்த காலத்தில் ஒருமுறை அரை மூடி தேங்காயை வைத்துவிட்டாள். எட்டு நாள் அவளோடு பேசவில்லை. அந்த அம்மாள் போய்ச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது.

இந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அதற்கும் ஒரு கதை உண்டு. நகராட்சி நீர்வழங்கல் பிரிவில் முப்பத்துநாலு வருடம் ஓவர்சியராக இருந்தவர் அவர். வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையில் ஒரு ஃபைலோடு எஞ்சினியர் பங்களாவுக்குப் போனார். எஞ்சினியர் நிழலில் உட்கார்ந்து ஐஸ் போட்ட சோடாவைச் சுழற்றிக்கொண்டே ஃபைலைப் படித்தார். கொண்டல்ராவ் விஜயவாடா வெயிலில், செருப்பை வாசலில் விட்ட காலோடு, ஒரு மணி நேரம் நின்றார். நாக்கு வறண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார். எஞ்சினியர் தன் டம்ளரில் மீந்திருந்த ஐஸைச் செடித்தொட்டியில் கொட்டிவிட்டு, "வெளியில குழாய் இருக்கே, நீ போட்ட குழாய்தானே" என்றார். அன்றைக்கு மனதில் விழுந்த முடிச்சு அவிழவே இல்லை. ஆந்திராவில் மதுவிலக்கை எடுத்த வருடம் ஓய்வு பெற்று, அந்தப் பணத்தில் முதல் வேலையாக ஃபிரிட்ஜ் வாங்கினார். ஐஸ் கேட்டு வந்த அண்டை வீட்டுக்காரர்களை வாசலில் நிற்க வைத்து, ஒரு கட்டியைக் கரண்டியில் எடுத்துப் போட்டார். வெயிலில் நின்ற மனிதருக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும் என்று நாம் நினைப்போம். அவருக்கு வந்தது பசி.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னறையில் அவருக்கு இரண்டு பெக். துணைக்கு வருகிறவர் பிச்செய்யா, அரசு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இருவரும் ஒருவரையொருவர் பாவா, அதாவது மச்சான், என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அவருடைய வேலை ஐஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "அடடா பாவா, வைரம்" என்று சொல்வது. அதற்குக் கூலியாக இரண்டு பெக்கும் வறுத்த வேர்க்கடலையும் கிடைத்துவந்தன.

மகன் பிரசாத் ஜக்கய்யப்பேட்டை பக்கம் சிமெண்டு ஆலையில் வேலை பார்த்தான். சனிக்கிழமை சாயங்காலம் வந்தால் ஞாயிறு மாலை திரும்பிவிடுவான். அவனுக்குக் குடிவாடா பக்கத்துக் கிராமத்திலிருந்து ரத்னகுமாரியைக் கட்டி வைத்தார்கள். ஒல்லியான பெண், அதிகம் பேசாது. வந்த வாரமே தண்ணீர் கொதிக்க வைக்கும் வேலை அவளிடம் வந்தது. ட்ரேயில் ஊற்றுவதை மட்டும் கொண்டல்ராவ் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

அவள் நான்கு மாதம் கர்ப்பமாக இருந்தபோது கட்டிகள் குறையத் தொடங்கின. முதலில் ஒன்று, பிறகு நான்கு, பிறகு ஒரு வரிசை. ரத்னகுமாரி வெறும் ஐஸை எடுத்துக் கடித்துத் தின்றாள். எதனால் அப்படித் தோன்றுகிறது என்று அவளுக்கே தெரியாது. சோறு இறங்கவில்லை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, கண்ணை மூடினால் ஐஸ்தான். நான் இப்போதே சொல்லிவிடுகிறேன். அவள் உடம்பில் ரத்தம் வற்றிக்கொண்டிருந்தது. ரத்தம் வற்றிய உடம்பு சில பேருக்கு இப்படி ஐஸைக் கேட்கும். நர்ஸ் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையை, பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று தெருவில் யாரோ சொன்னதைக் கேட்டு அலமாரியில் போட்டுவிட்டாள். அந்த வீட்டில் அவளுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து நடமாடிக்கொண்டிருந்தது. மாமனார் கட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

தின்ற இடத்தை அவள் குழாய்த் தண்ணீரால் நிரப்பி வைத்தாள். பாவம், அதுதான் காட்டிக்கொடுத்தது. கொண்டல்ராவ் ஒரு கட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நடுவில் பால் மாதிரி கலங்கல். மருமகளைக் கூப்பிட்டார்.

"அம்மாயி, இங்க வா. இது யார் போட்ட ஐஸு?"

"நீங்க போட்டதுதான் மாமய்யா."

"நான் போட்டதா? முப்பத்துநாலு வருஷம் இந்த ஊருக்கே தண்ணி விட்டவன்கிட்ட சொல்றியா? இது இன்னிக்குக் காலையில வந்த குழாய்த் தண்ணி. பிளீச்சிங் பவுடர் வாசம்கூடப் போகல."

அவள் தலைகுனிந்தாள். "ரெண்டே ரெண்டு தின்னேன். வாய் கேட்டுச்சு."

"வாய் கேக்கும், கேக்கும். உங்க ஊர்ல ஐஸக் கண்ணுல பாத்திருந்தாத்தானே அடங்கும்."

அதோடு விட்டிருந்தால் அவரைச் சாதாரணக் கருமி என்று சொல்லிவிட்டுப் போகலாம். அவர் விடவில்லை. திருடியைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும், அதைப் பிச்செய்யா பார்க்க வேண்டும். தண்ணீர் தெளியப் போடுகிற படிகாரம் வீட்டில் எப்போதும் இருந்தது, பழைய வேலையின் மிச்சம். ஒரு கைப்பிடியைப் பொடித்துக் கரைத்து, வடிகட்டி, முன்னால் இருக்கும் அலுமினிய ட்ரேயில் ஊற்றி வைத்தார். அது உறைந்தபோது அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் பிச்செய்யா வந்ததும் கொண்டல்ராவ் உதட்டில் விரலை வைத்தார். சமையலறைத் திரைக்கு அந்தப் பக்கம் ஃபிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிடி மளுக்கென்றது. பிறகு கறுக்கென்று ஒரு கடி. உடனே "த்தூ" என்ற சத்தம்.

கொண்டல்ராவுக்குச் சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. "என்ன அம்மாயி, இன்னிக்கு ஐஸு பக்குவமா இருக்கா? வாய் ஒரேயடியா சுருங்கிடுச்சோ?"

"என்ன பாவா போட்டே?" என்றார் பிச்செய்யா.

"படிகாரம்ப்பா, படிகாரம். இனிமே ஃபிரிட்ஜப் பாத்தாலே அவளுக்குப் பல்லு கூசும்."

பிச்செய்யாவும் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். இருவரும் சிரித்து ஓய்ந்த நேரத்தில் மறுபடியும் கறுக்கென்று கேட்டது. இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. துப்புகிற சத்தம் இல்லை. பிச்செய்யா எழுந்து போய்த் திரையை விலக்கினார். பின்னாலேயே கொண்டல்ராவும் எட்டிப் பார்த்தார். ரத்னகுமாரி ஃபிரிட்ஜின் முன்னால் தரையில் உட்கார்ந்து, முகம் கோணி, கண்ணிலிருந்து நீர் வழிய, படிகாரக் கட்டிகளைத் தின்றுகொண்டிருந்தாள். ட்ரேயில் பாதி காலி. அவர்களைப் பார்த்தும் அவளால் நிறுத்த முடியவில்லை. ட்ரேயைப் பிடித்திருந்த உள்ளங்கை மாவு பிசைந்த கை மாதிரி வெளுத்திருந்தது. பிச்செய்யா அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வந்து உட்கார்ந்து டம்ளரை நகர்த்தினார்.

"என்ன பாவா?" என்றார் கொண்டல்ராவ்.

"ஒண்ணுமில்ல. ஊத்து."

அடுத்த நாள் கொண்டல்ராவ் ஃபிரிட்ஜின் சாவியைத் தேடி எடுத்தார். அந்த மாடலில் கதவிலேயே பூட்டு உண்டு, அதுவரை யாரும் போட்டதில்லை. சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். பால் எடுக்க வேண்டும் என்றாலும் ரத்னகுமாரி அவரைக் கூப்பிட வேண்டும். அவர் வந்து திறந்து, அவள் கை ஃப்ரீசர் பக்கம் போகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பார். சனிக்கிழமை வந்த பிரசாத்திடம் அவள் அழுதாள். அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "அப்பாவுக்கு அது ஒண்ணுதான் சந்தோஷம். நீ ஐஸ் தின்னா பிள்ளைக்குத்தான் சளி பிடிக்கும், விடேன்" என்றான். எதிர்வீட்டு ஆதிலக்ஷ்மி அவளுக்கு ரகசியமாக ஒரு கிண்ணம் ஐஸ் கொடுத்தாள். அது தெரிந்ததும் கொண்டல்ராவ் தெருவில் நின்று கத்தினார். "என் பேரனுக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்னத்தான் கேப்பேன்." ஆதிலக்ஷ்மி அதன்பிறகு ஐஸுக்காகக் கதவைத் திறக்கவில்லை.

ஏழாம் மாதம் சீமந்தம் வைத்தார்கள். ரத்னகுமாரியின் தாய் மகாலக்ஷ்மம்மா ஒரு தூக்குச் சட்டி நிறைய உளுந்து உருண்டை, சுன்னுண்டலு, செய்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். பெண்கள் வளையல் அடுக்கினார்கள். கை மெலிந்திருந்ததால் வளையல்கள் முழங்கைக்கு ஓடின. அதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். வழக்கப்படி, "என்னடியம்மா ஆசை, வாயைத் திறந்து சொல்லு" என்று கேட்டபோது, ரத்னகுமாரி சபையைப் பார்த்துச் சொன்னாள்.

"ஐஸு."

ஆதிலக்ஷ்மிதான் குரலை உயர்த்தினாள். "கர்ப்பிணி கேட்டா இல்லைன்னு சொல்லக்கூடாது ராவ் காரு. இன்னிக்காவது பூட்டைத் திறங்க."

கொண்டல்ராவ் சபையில் தோற்கிற ஆள் இல்லை. உள்ளே போனார். வெள்ளித் தட்டோடு வந்தார். தட்டின் நடுவில் ஒரே ஒரு கட்டி. இடுக்கியால் அதை எடுத்து மருமகளின் உள்ளங்கையில் வைத்து, "எல்லாரும் நல்லாப் பாத்துக்கோங்க. நான் இல்லைன்னு சொல்லல" என்றார். பெண்கள் சிரித்தார்கள். ரத்னகுமாரி அதை வாயில் போட்டுக் கடிக்காமல் வைத்துக்கொண்டாள், கரையாமல் இருக்கட்டும் என்று. அது கரைந்துவிட்டது.

அன்று மதியமே மகளைக் கூட்டிப்போக மகாலக்ஷ்மம்மா கேட்டாள். முதல் பிரசவம், தாய்வீட்டு உரிமை. குடிவாடாவில் தெரிந்த டாக்டரம்மா இருக்கிறாள், உடனே காட்ட வேண்டும், பெண்ணின் நகமெல்லாம் வெளுத்திருக்கிறது என்று சொன்னாள்.

"நாளைக்குக் காலையில முதல் பஸ்ல போங்க. இன்னிக்குச் சாயங்காலம் என் பழைய ஆபீஸ்காரங்க நாலு பேர் வராங்க. தண்ணி காச்ச ஆள் வேணும்" என்றார் கொண்டல்ராவ்.

ஒரு ராத்திரிதானே என்று அந்தத் தாயும் ஒப்புக்கொண்டாள். ரத்னகுமாரி அன்று மூன்று அண்டா தண்ணீர் காய்ச்சினாள். பழைய ஆபீஸ்காரர்கள் கட்டிகளை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, வாய்க்கு வாய் மெச்சிக்கொண்டு போனார்கள்.

காலையில் மூட்டை கட்டி, குங்குமம் வைக்கிற நேரத்தில் ஆதிலக்ஷ்மி பஞ்சாங்கத்தோடு ஓடிவந்தாள். சூரிய உதயத்திலிருந்து சுக்கிர மூடம் தொடங்கிவிட்டது. சுக்கிரன் மறைந்திருக்கும் அந்த ஒன்றரை மாதமும் கர்ப்பிணியை முதல் பிரசவத்துக்கு வாசல் தாண்டிக் கூட்டிப் போகக் கூடாது. போனால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாது.

"நேத்து ராத்திரி பஸ்ஸே இருந்துச்சே" என்று மகாலக்ஷ்மம்மா மெல்லச் சொன்னாள். பிறகு அவளே மூட்டையை அவிழ்த்தாள். அவளை யாரும் தடுக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்மணியைப் பஞ்சாங்கம் தடுத்தது. ரத்னகுமாரி தாயின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ஒண்ணும் ஆகாதும்மா, கூட்டிட்டுப் போ" என்றாள். மகாலக்ஷ்மம்மா ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டு, அழுதுகொண்டே, காலித் தூக்குச் சட்டியோடு பஸ் ஏறினாள். டாக்டரிடம் இந்த ஊரிலேயே காட்டலாமே என்று ஒருவரும் சொல்லவில்லை. அது தாய்வீட்டுச் செலவு என்று மாமனார் இருந்துவிட்டார்.

மூடம் முடிய ஒன்பது நாள் இருந்தது. நல்ல அக்னி வெயில், மதியம் இரண்டு மணி. அடுப்பில் தண்ணீர் இரண்டாம் தடவை கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பின் அடியில் ரத்னகுமாரி விழுந்து கிடந்தாள். புடவையெல்லாம் ரத்தம். ஆதிலக்ஷ்மிதான் ஆட்டோ பிடித்தாள். கொண்டல்ராவ் அடுப்பை அணைத்துவிட்டு வந்து ஏறினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வெளியே வந்து கேட்டாள். "இந்தப் பொண்ணு மண்ணு, சாக்பீஸ், ஐஸு, இப்படி ஏதாவது தின்னுச்சா?"

தனக்குத் தெரிந்த கேள்வி வந்ததில் கொண்டல்ராவின் முகம் தெளிந்தது. "தின்னாம்மா. ட்ரே ட்ரேயாத் தின்னா. நான்தான் பூட்டுப் போட்டு அந்தக் கெட்ட பழக்கத்த நிறுத்தினேன். மூணு மாசமா ஒரு கட்டி தொடல."

டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உடம்புல பாதி ரத்தம்கூட இல்லைய்யா. அதத்தான் அந்த உடம்பு சொல்லிட்டிருந்திருக்கு. நீங்க அதுக்குப் பூட்டுப் போட்டீங்களா?" அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ரத்தம் வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆதிலக்ஷ்மியின் தம்பி ஒரு பாட்டில் கொடுத்தான். பிரசாத் வந்து ஒரு பாட்டில் கொடுத்தான். கொண்டல்ராவும் கையை நீட்டினார். வயசாகிவிட்டது, தள்ளி நில்லுங்கள் என்றார்கள்.

ரத்னகுமாரி பிழைத்துக்கொண்டாள். பிள்ளை பிழைக்கவில்லை. பேரன்தான்.

செய்தி கேட்டுப் பிச்செய்யா ஆஸ்பத்திரிக்கு வந்தார். வராண்டா பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஐஸ் தின்னா ரத்தம் இல்லைன்னு அர்த்தமாம் பாவா. இப்படி ஒண்ணு கேள்விப்பட்டிருக்கியா நீ?"

பிச்செய்யா தரையைப் பார்த்தார். "அது ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். அன்னிக்கு அவ கையப் பாத்ததுமே எனக்குத் தெரியும்."

"ஏன்யா சொல்லல?"

"நீ அவ்வளவு சிரிச்சிட்டிருந்தே. சபையக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

கொண்டல்ராவ் அவரை அடிக்கக் கை ஓங்கவில்லை. எழுந்து போகவும் இல்லை. எந்த உரிமையில் அடிப்பார்? பிச்செய்யாவே எழுந்து போனார். அதற்கப்புறம் அவர் அந்தப் பக்கம் வரவில்லை.

ரத்னகுமாரி தாய்வீட்டில் நான்கு மாதம் இருந்தாள். மாத்திரையும் கீரையும் ஈரலும் கொடுத்துத் தாய் அவளைத் தேற்றினாள். அவள் திரும்பி வந்த அன்று கன்னத்தில் நிறம் ஏறியிருந்தது. கொண்டல்ராவ் அதற்குள் சாவியைக் கால்வாயில் எறிந்திருந்தார். காலையிலிருந்து தானே தண்ணீர் காய்ச்சி, தானே வடிகட்டி, நான்கு ட்ரேயும் போட்டு வைத்திருந்தார். அவள் பயணக் களைப்போடு உட்கார்ந்ததும், பெரிய கிண்ணம் நிறையக் கட்டிகளைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

"சாப்பிடும்மா. எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடு. இனிமே இந்த வீட்டுல உன்ன யாரும் கேக்க மாட்டாங்க."

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை, ஆசையும் இல்லை.

"வேண்டாம் மாமய்யா. ரத்தம் ஏறினதும் அது போயிடுச்சு. இப்ப பாத்தா ஒண்ணும் தோணல."

கிண்ணத்தை எடுத்துப் போய்த் தொட்டியில் கவிழ்த்தாள். கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள். பிறகு அடுப்பைப் பற்ற வைத்துத் தண்ணீரை ஏற்றினாள். காலியான ட்ரேக்களை இந்த முறை அவளே நிரப்பி வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்குக் கொண்டல்ராவின் டம்ளரில் இரண்டு கட்டிகளோடு அவள் முன்னறைக்கு வந்தாள். "அம்பத்தாறுல ரெண்டு எடுத்தேன் மாமய்யா. மீதி அம்பத்திநாலு இருக்கு. வந்து எண்ணிப் பாருங்க."

"எதுக்கும்மா அதெல்லாம்?"

"எண்ணுங்க மாமய்யா. அப்புறம் குறையுதுன்னு சொல்லக்கூடாது."

அவர் எண்ணி முடிக்கும்வரை அவள் ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். அவர் குடியை விட்டுவிட்டார். அப்போதும் ஆறு மணிக்கு வந்து, "இன்னிக்கு அம்பத்தாறும் அப்படியே இருக்கு. வாங்க" என்றாள். ஃபிரிட்ஜை விற்றுவிடலாம் என்று அவர் பிரசாத்திடம் கெஞ்சிப் பார்த்தார். "எதுக்கு விக்கணும்? மாமய்யாவுக்கு இருக்கிறது அது ஒண்ணுதான்" என்றாள் ரத்னகுமாரி. அது பிரசாத் அன்றைக்குச் சொன்ன வார்த்தை, அவன் ஃபிரிட்ஜை விற்கவில்லை.

ஆறு மணி ஆனால் கிழவர் இப்போதும் எழுந்து போகிறார். ஒவ்வொரு ட்ரேயாக இழுத்து, விரல் மரத்துப்போகும்வரை தொட்டுத் தொட்டு எண்ணுகிறார். கட்டிகள் அவர் போட்டதைவிடத் தெளிவாக இருக்கின்றன. ஒருநாளும் ஒன்று குறைந்ததில்லை.